பழைய இடுகாடுகளைப் பார்க்க அப்பாவை எங்கே அழைத்துப் போகலாம்?

செங்காங்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பா சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார். திருவாரூர்ப் பக்கத்தில் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். மரினா பே, செந்தோசா எல்லாம் அவருக்கு இரண்டே நாளில் அலுத்துவிட்டன. "கட்டடங்களைக் காட்டியது போதும், இந்த ஊரை உண்டாக்கியவர்களை எங்கே புதைத்திருக்கிறார்கள், அங்கே கூட்டிக்கொண்டு போ" என்கிறார். புக்கிட் பிரவுன் என்ற பழைய சீன இடுகாட்டின் பெயரை எங்கோ படித்து வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. குழந்தை இருக்கிற வீடு, மயானத்துக்குப் போய்விட்டு நேராக உள்ளே நுழைவதா என்கிறார். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளோ தானும் வருவேன் என்கிறாள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார், ஏற்றம் சிரமம். எந்த இடம் பொருத்தமாக இருக்கும்? தமிழர்களோடு தொடர்புள்ள கல்லறைகள் ஏதேனும் உண்டா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிராங்கூன்காரர்:

முழங்கால் வலி என்றால் ஃபோர்ட் கேனிங்கில் தொடங்குங்கள். டாக்சி மேட்டின் மேலேயே இறக்கிவிடும். இன்று இசை நிகழ்ச்சிகள் நடக்கும் புல்வெளி ஒரு காலத்தில் கிறிஸ்தவ இடுகாடு. 1865 வரை அங்கே புதைத்தார்கள். ஏறத்தாழ 600 பேர், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு சீனக் கிறிஸ்தவர்கள். இப்போது கல்லறைகள் இல்லை, பெயர்ப் பலகைக் கற்களை மட்டும் எடுத்துச் சுற்றியுள்ள செங்கல் சுவரில் பதித்துவிட்டார்கள். நின்ற இடத்திலேயே வரிசையாகப் படித்துக்கொண்டு போகலாம். பிறந்து சில மாதங்களில் இறந்த குழந்தைகள், காய்ச்சலில் போன மாலுமிகள் என்று பல கதைகள். சிங்கப்பூரின் முதல் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் 1844-இல் இறந்தார். அவரைப் புதைத்ததும் அங்கேதான். 1846-இல் கேப்டன் ஃபேபர் வடிவமைத்த கூர்வளைவு வாசல்களையும் பார்க்கத் தவறாதீர்கள். அப்படியே சற்று நடந்தால், பழைய சிங்கப்பூர் அரசர் இஸ்கந்தர் ஷாவுடையது என்று நம்பப்படும் கெராமாட், அதாவது புனிதக் கல்லறை.

தோ பாயோ அக்கா:

தம்பி, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த ஊருக்கு வந்து இப்படி ஒரு கேள்வி கேட்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற தாதி. புக்கிட் பிரவுனுக்கு என்னை முதலில் அழைத்துப் போனவள் என்னோடு இரவுப் பணி பார்த்த தோழி, ஹொக்கியென்காரி. ஏப்ரல் தொடக்கத்தில் முன்னோரை வழிபடும் சீனர் திருநாளான சிங் மிங் வரும்போது அவள் பாட்டியின் கல்லறையைச் சுத்தம் செய்யத் துணைக்குப் போனேன். அரிவாள், துடைப்பம், ஊதுவத்தி, ஆரஞ்சுப் பழம், வேகவைத்த சிப்பி, ஒரு சிறு டப்பாவில் சிவப்புச் சாயம். புல்லை வெட்டி, கல்லைக் கழுவி, மங்கிப்போன எழுத்துகளுக்கு மேல் தூரிகையால் சாயம் பூசினாள். சிப்பியைத் தின்றுவிட்டு ஓடுகளைக் கல்லறை மேட்டின் மேல் இறைத்தார்கள். பழைய காலத்துக் காசு போல அது பாட்டிக்குச் சேருமாம். பிறகு குடும்பமே அங்கே உட்கார்ந்து சாப்பிட்டது. அழுகையும் இல்லை, பயமும் இல்லை. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அங்கே போனால் எதைப் பார்ப்பது என்று கேட்டால், பெயர் பெற்றவர்களை மட்டும் தேடி ஓடாதீர்கள் என்பேன். ஆனாலும் சில பெயர்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூன் லே வழியாகத் தினமும் ரயிலில் போகிறோம். சியூ பூன் லே என்ற தொழிலதிபர் அங்கேதான் இருக்கிறார். யீஷூனில் சோங் பாங் சந்தைக்குப் போய்த் தோசை சாப்பிடுகிறோம். லிம் சோங் பாங்கும் அங்கேதான். ஹொங் லிம் பூங்காவுக்குப் பெயர் தந்த சியாங் ஹொங் லிம்மும் அங்கேதான். டான் டொக் செங் மருத்துவமனையை நிறுவியவரின் மகன் டான் கிம் சிங் 1892-இல் இறந்தவர். சயாம் அரசருக்காக இங்கே தூதராக இருந்தார். புக்கிட் பிரவுன் நகராட்சி இடுகாடாகத் திறக்கப்பட்டதே 1922-இல்தான். முன்பே வேறிடங்களில் புதைக்கப்பட்ட இப்படிப்பட்டவர்களைப் பிறகு அங்கே கொண்டுவந்தார்கள். 1973-இல் மூடியபோது ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள். ஜார்ஜ் பிரவுன் என்ற கப்பல் வணிகர் அந்தக் குன்றில் குடியிருந்ததால் வந்த பெயர் அது. சீனர்கள் அதைக் காப்பிக் குன்று என்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ஓங் சாம் லியோங்குடைய கல்லறை. 1918-இல் இறந்தவர், கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்பிப் பணம் சேர்த்தவர். 600 சதுர மீட்டர் பரப்பு, பூ வேலைப்பாடுள்ள ஓடுகள், பெற்றோரைப் பேணிய பிள்ளைகளின் கதைகள் செதுக்கிய கற்கள். அது குன்றின் மேல் இருக்கிறது. அப்பாவின் முழங்காலுக்கு வேண்டாம்.

அவர் கட்டாயம் பார்க்க வேண்டியது சீக்கியக் காவலர்களை. சில பணக்காரர்கள் தங்கள் கல்லறை வாசலில் தலைப்பாகையும் தாடியும் வைத்த இரண்டு சீக்கியர்களைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். சியூ கியோக் லியோங் என்ற நாட்டு மருந்துக் கடைக்காரரின் கல்லறையில் அவர்கள் ஆளுயரத்துக்கு, வண்ணம் பூசி, நிற்கிறார்கள். 1881-இல் இங்கே சீக்கியர் போலீஸ் படை வந்தது. பிறகு வங்கி வாசல், கிடங்கு வாசல், முதலாளி வீட்டு வாசல் எங்கும் ஜாகா, அதாவது காவல்காரர், என்றால் சீக்கியர்தான். உயிரோடு இருந்தபோது வாசலில் நின்றவர் செத்த பிறகும் நிற்க வேண்டும் என்று அந்தச் சீனர் நினைத்திருக்கிறார். எனக்கு அந்தச் சிலைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கும். அந்தக் காவலர்களுக்கு முன்மாதிரியாக இருந்த மனிதர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, ஆனால் அவர்கள் முகமும் உடையும் இன்னும் வெயிலில் நிற்கின்றன. நம்மவர்களுடைய தடத்தை இந்த ஊரில் இப்படித்தான் தேட வேண்டியிருக்கிறது. வேறொருவரின் வாசலில்.

தமிழர் கல்லறை என்று கேட்டிருந்தீர்கள். நம்மில் பெரும்பாலோர் எரிப்பவர்கள், சாம்பலைக் கடலில் கரைப்பவர்கள். கல் நடுகிற பழைய வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டோம். 1825-இல் சுமத்திராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். மதராஸ், வங்காளப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். புனித ஆண்ட்ரு தேவாலயமும் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவும் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. அவர்களில் ஒருவர் பெயர் சொல்லும் கல்லைக்கூட நான் எங்கும் பார்த்ததில்லை. அப்பாவை அந்தத் தேவாலயச் சுவர் முன்னால் நிறுத்தி இதைச் சொல்லுங்கள். தெலோக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்காவும் அப்படித்தான், உள்ளே உடல் இல்லை. நாகூர் ஆண்டவரின் நினைவாகச் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. திருவாரூர்க்காரருக்கு நாகூர் பக்கத்து ஊர். மிகவும் மகிழ்வார்.

புக்கிட் பிரவுன் பற்றி நடைமுறையாகச் சில. கால்டிகாட் ரயில் நிலையம்தான் அருகில். வட்டப் பாதை ரயில் தடத்தில் புக்கிட் பிரவுன் பெயரில் ஒரு நிலையமே கட்டிவைத்திருக்கிறார்கள், ஆனால் திறக்கவில்லை. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், களிமண் வழுக்கும். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கொசு மருந்து, தண்ணீர் எல்லாம் வேண்டும். வீட்டிலேயே கழிவறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். உள்ளே இருக்கும் தார்ச்சாலையிலேயே நடந்தால் அப்பாவுக்குப் பெரிய ஏற்றம் இல்லை, இருபுறமும் கல்லறைகள் தெரியும். தன்னார்வலர்கள் இலவசமாக வழிநடத்துகிறார்கள், ஆல் திங்ஸ் புக்கிட் பிரவுன் என்று தேடிப் பாருங்கள். ஒரு வேண்டுகோள்: கல்லறை மேட்டின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். அந்த மேட்டுக்குக் கீழேதான் ஆள் படுத்திருக்கிறார். இதைப் பலர் செய்வதைப் பார்த்துக் கோபத்தில் எனக்குக் கை நடுங்கியிருக்கிறது.

செங்காங்வாசி:

அக்கா, இதை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நாகூர் தர்கா என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு சந்தேகம். கல்லில் இருப்பதெல்லாம் சீன எழுத்து. எழுத்து தெரியாதவர்கள் போய் எதைப் படிப்பது?

தோ பாயோ அக்கா:

படிக்க முடியும் தம்பி. எனக்கும் சீனம் தெரியாது, தோழி சொல்லிக்கொடுத்ததுதான். கல்லின் நடுவில் பெரிய எழுத்தில் இறந்தவர் பெயர். ஒரு பக்கம் சீனாவில் அவர் பிறந்த ஊர், நாள். மறுபக்கம் சிறிய எழுத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர். பல கற்களில் முட்டை வடிவப் பீங்கானில் முகம் இருக்கும். பக்கத்தில் நிலத்தைக் காக்கும் தெய்வத்துக்குத் தனியாக ஒரு சிறு பீடம்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது உங்கள் மகளுக்கு நல்ல விளையாட்டாக இருக்கும். சீனக் குடியரசின் ஆண்டுக்கணக்கில் எழுதியிருந்தால் அதோடு 1911-ஐக் கூட்ட வேண்டும். இருபது என்றிருந்தால் 1931. ஒன்று முதல் பத்து வரை சீன எண்கள் மட்டும் தெரிந்தால் போதும், அவளுடைய பள்ளித் தோழிகள் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஜப்பானியர் ஆண்ட காலத்துக் கற்கள் சிலவற்றில் ஜப்பானிய ஆண்டுக்கணக்கே இருக்கும். 2602 என்றால் 1942. செத்த பிறகும் ஆட்சியாளரின் நாள்காட்டி விடவில்லை. அப்பா இதை ஒரு மணி நேரம் பேசுவார் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி:

கிராஞ்சிப் போர் இடுகாட்டை யாரும் சொல்லவில்லையே. இரண்டாம் உலகப்போரில் இறந்த 4,461 பேர் அங்கே இருக்கிறார்கள். 850-க்கும் மேற்பட்டவர்கள் யார் என்றே தெரியாது. கல்லறை கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் விமானம் போன்ற நினைவுச் சின்னத்தின் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன, அவர்களில் ஏராளமானோர் இந்திய ராணுவத்தினர். படைப்பிரிவு வாரியாக எழுதியிருப்பதால் பஞ்சாப், கார்வால், கூர்க்கா, ஹைதராபாத் என்று வரிசை வரிசையாக நிற்கும். 1957-இல் திறந்த சின்னம் அது.

அக்கா எரிப்பவர்களைப் பற்றிச் சொன்னதால் ஒன்று: அங்கே தகன நினைவுச் சின்னம் என்று தனியாக இருக்கிறது. தங்கள் மதப்படி எரிக்கப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களின் பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர். எல்லோரும் முன்னால் தெரியும் வெள்ளைக் கற்களைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அங்கே யாரும் நிற்பதில்லை. நான் தேசிய சேவையில் இருந்தபோது முதன்முதலாகப் போனேன். இப்போதும் தீபாவளிக்கு முன்பு போய் ஒரு பூ வைத்துவிட்டு வருகிறேன். பதிவேட்டில் பல பெயர்களுக்கு எதிரே தந்தை பெயர், கிராமம், மாவட்டம் எல்லாம் இருக்கும். வரலாற்று ஆசிரியருக்கு அது பொக்கிஷம். சரிவில் படிகள் உண்டு, மெதுவாக ஏறச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் முதல் இரண்டு அதிபர்களான யூசோஃப் இஷாக், பெஞ்சமின் ஷியர்ஸ் இருவரும் பக்கத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

பொத்தோங் பாசிர் பேரன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தாத்தாவின் அண்ணனைப் பிடாடாரி இடுகாட்டில் இந்துக்கள் பகுதியில் புதைத்ததாக வீட்டில் சொல்வார்கள். இப்போது அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள். பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

தோ பாயோ அக்கா:

இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடுவது கிடைக்காது தம்பி, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். பிடாடாரி 1972-இல் மூடப்பட்டது. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, சிங்களவர் எல்லோருக்கும் அங்கே பகுதி இருந்தது. 2001-க்குப் பிறகு தோண்டி எடுக்கத் தொடங்கினார்கள். கிறிஸ்தவர் கல்லறைகள் மட்டும் 58,000, முஸ்லிம் கல்லறைகள் 68,000. மவுண்ட் வெர்னன் பக்கம் ஒரு நினைவுத் தோட்டம் அமைத்து, பழைய வாசல் தூண்களையும் சில கற்களையும் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் லிம் பூன் கெங் பெயரை அங்கே பார்க்கலாம். உங்கள் வீட்டில் பழைய ரசீதோ கடிதமோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள், வயதானவர்கள் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள். புக்கிட் பிரவுனுக்காவது புதைத்தவர்களின் பதிவேடு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இந்த ஊரில் இடம் குறைவு, எனக்குத் தெரியாததல்ல. 1998-இலிருந்து சுவா சூ காங்கில் புதைத்தாலும் 15 ஆண்டுதான், பிறகு எடுத்துவிடுவார்கள். வாழ்கிறவர்களுக்கு வீடு வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் என் தோழியின் பாட்டி, புக்கிட் பிரவுன் வழியாகப் போட்ட லோர்னி நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கல்லறைகளில் ஒன்றில் இருந்தாள். முதலில் ஒரு முளையடித்து எண் எழுதினார்கள். எடுத்த அன்று அதிகாலை நானும் போனேன். எலும்பில் வெயில் படக்கூடாது என்பதால் தோழி குடை பிடித்துக்கொண்டு நின்றாள். தோண்டியவர் தலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் துடைத்து, வரிசையாக வைத்தார். எத்தனையோ மரணங்களைப் பார்த்த தாதி நான், அவ்வளவு பொறுமையான கைகளை மருத்துவமனையில்கூட அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு பச்சைக்கல் வளையல் கிடைத்தது. உரிமை கோர ஆள் வராதவர்களை எரித்து, மூன்று ஆண்டு வைத்திருந்து, கடலில் கரைத்துவிடுவது வழக்கம். அந்தச் சாலை 2018-இல் திறந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் தோழி பாட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.

அதனால்தான் சொல்கிறேன், பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப் போடாதீர்கள். 2014-இல் உலக நினைவுச் சின்னங்கள் கண்காணிப்புப் பட்டியலில் புக்கிட் பிரவுனைச் சேர்த்தார்கள். பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு குன்று பிழைத்துவிடாது.

செங்காங்வாசி:

நன்றி அக்கா. அம்மா இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை. திரும்பி வந்ததும் வாசலிலேயே கால் கழுவி, குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். ஆனால் சிப்பி ஓட்டுக் கதையை இரண்டு முறை கேட்டார். அப்பாவின் முழங்கால் இந்த வாரம் சற்று மோசம். வீட்டுக்கு அருகில், மேடே இல்லாத இடம் ஏதாவது?

தோ பாயோ அக்கா:

அம்மா சொல்வது சரிதான், அப்படியே செய்யுங்கள். பெரியவர்கள் மனம் நிம்மதியாக இருக்கட்டும்.

செங்காங்கிலிருந்து பக்கத்திலேயே இருக்கிறது, சுவான் ஹோ அவென்யூவில் ஜப்பானியர் இடுகாட்டுப் பூங்கா. முழுக்கச் சமதரை, நிழல், சுத்தமான பாதை. 910 கற்கள். 1891-இல் தொடங்கியது. இங்கே விலைமாதர்களாக விற்கப்பட்ட ஏழை ஜப்பானியப் பெண்கள் செத்தால் புதைக்க இடமில்லை என்பதற்காக, விடுதி நடத்திய ஒருவரே நிலம் கொடுத்தார். அவர்களுடைய கற்கள் முழங்கால் உயரம்கூட இருக்காது. பக்கத்திலேயே கவுண்ட் தெராவுச்சி, தென்கிழக்காசியா முழுவதும் ஜப்பானியப் படைக்குத் தளபதியாக இருந்தவர், அவருக்கு நினைவுக்கல். இரண்டும் ஒரே வேலிக்குள். நான் போனால் அந்தப் பெண்களின் வரிசையில்தான் நிற்பேன்.

ஒட்டோகிச்சியை மகளுக்குக் காட்டுங்கள். 1832-இல் புயலில் திசை தவறிய சரக்குப் படகில் இருந்த சிறுவன். பதினான்கு மாதம் பசிபிக்கில் மிதந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்கியபோது மூவர்தான் உயிரோடு இருந்தார்கள். சொந்த நாடு திரும்ப ஏற்கவில்லை. 1862-இல் சிங்கப்பூர் வந்து குடியேறினார், இங்கே முதன்முதலில் வாழ்ந்த ஜப்பானியர் அவர்தான். 1867-இல் இறந்தார். புக்கிட் தீமா சாலைக் கிறிஸ்தவ இடுகாட்டில் புதைத்து, அது மூடப்பட்ட பிறகு எலும்புகளை வேறிடத்துக்கு மாற்றி, 2004-இல் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒரு பங்குச் சாம்பல் இந்தப் பூங்காவில் இருக்கிறது.

காலை எட்டு மணிக்குப் போனால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். மகளிடம் நோட்டும் பென்சிலும் கொடுங்கள். கல்லின் மேல் தாள் வைத்துத் தேய்ப்பது, சுண்ணாம்புக்கட்டி பூசி எழுத்தை எடுப்பது எதுவும் வேண்டாம், பழைய கல் உதிரும். பக்கவாட்டில் நின்று கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து தெரியும். அப்பாவின் முழங்கால் சரியானதும் எழுதுங்கள், புக்கிட் பிரவுனுக்கு நானே கால்டிகாட் நிலையத்தில் வந்து காத்திருக்கிறேன். தோழியையும் அழைத்து வருகிறேன், சீனம் படிக்க ஆள் வேண்டுமே.